இரண்டு கணினிகளை ஒரே கேபிளில் நேரடியாக இணைத்தால்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

நடுவில் சுவிட்ச் கிடையாது, ரௌட்டர் கிடையாது. இந்தப் பக்கம் எடிட்டிங் செய்யும் கணினி, அந்தப் பக்கம் கோப்புகளைச் சேமித்து வைக்கும் கணினி, இரண்டுக்கும் இடையே ஒரு கேபிள். சர்வர்களிலிருந்து கழற்றி விற்கும் பழைய 10 கிகாபிட் கார்டுகள் மலிவாகக் கிடைப்பதால் இப்படி இணைப்பவர்கள் அதிகம். இரண்டு கணினிதான் என்றால் சுவிட்ச் வாங்கத் தேவையே இல்லை. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் சுவிட்ச் இல்லாதபோது அது செய்துவந்த வேலைகளும் நம் தலையில் விழுகின்றன. ஐபி முகவரி கொடுக்க ஆள் இல்லை. ஒரு கணினி தூங்கினால் மற்றதன் இணைப்பும் விழும், இல்லை வேகம் இறங்கும். எந்த முனையில் கோளாறு என்று சொல்ல நடுவில் ஒரு விளக்கு கூட இல்லை. அதனால் கீழிருந்து மேலே போக வேண்டும்: முதலில் கேபிள், அப்புறம் கார்டு, அப்புறம் முகவரி, ஃபயர்வால், கடைசியாக டிஸ்க். கேபிள் சரியா என்று தெரியாமலே விண்டோஸ் செட்டிங்ஸில் மணிக்கணக்காகத் துழாவுவது வீண்.

தொடங்கும் முன் ஒரு கருவியை இரண்டு கணினியிலும் நிறுவிக்கொள்ளுங்கள்: ஐபெர்ஃப்3. இது டிஸ்க்கைத் தொடாமல், ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து மற்றதன் நினைவகத்துக்குத் தரவை அனுப்பி வேகத்தை அளக்கிறது. "நெட்வொர்க் மெதுவா, டிஸ்க் மெதுவா" என்ற கேள்விக்கு ஒரே நிமிடத்தில் விடை கிடைக்கும். 10 கிகாபிட் இணைப்பு முழு ஆரோக்கியத்தோடு இருந்தால், சாதாரண 1500 எம்டியுவில் (ஒரு பாக்கெட்டில் போகும் அதிகபட்ச பைட் அளவு) ஐபெர்ஃப் 9.4 கிகாபிட் காட்டும். 1 கிகாபிட் இணைப்பு என்றால் 940 மெகாபிட்.

கோப்பை நகலெடுக்கும்போது திரையில் தெரியும் எண்ணும் நிறையச் சொல்லும் (அது பைட்டில் இருக்கும், இணைப்பு வேகம் பிட்டில்; ஒரு பைட் எட்டு பிட்). நொடிக்கு 11 மெகாபைட்டில் நின்றால் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது. 35 முதல் 40 வரை என்றால், யூஎஸ்பி அடாப்டரைப் பழைய யூஎஸ்பி 2 போர்ட்டில் செருகியிருக்கிறீர்கள். 112 என்றால் தரவு எங்கேயோ 1 கிகாபிட் வழியில் போகிறது. 280 சொச்சம் 2.5 கிகாபிட்டின் அளவு. 500-550இல் நின்றால் அது சாட்டா எஸ்எஸ்டியின் எல்லை, நெட்வொர்க் மேல் குற்றம் இல்லை. 1100ஐத் தாண்டினால் 10 கிகாபிட்டை முழுதாகப் பயன்படுத்துகிறீர்கள். வேகம் வழக்கமான ஒரு எண்ணில் அசையாமல் நின்றால், தடை எங்கே என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுக்கும்.

கார்டின் போர்ட்டில் இருக்கும் இணைப்பு விளக்கே எரியவில்லை

ஆர்ஜே45 கேபிள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். 10 கிகாபிட் செப்புக் கேபிளில் இரு கார்டுகளும் ஒன்றையொன்று சோதித்துக்கொண்டு இணைப்பை ஏற்படுத்தச் சில நொடிகள் பிடிக்கும். உடனே பிடுங்கிப் பிடுங்கிச் செருகினால் அந்தச் சோதனை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும்.

"நேரடி இணைப்புக்கு கிராஸ் கேபிள் வேண்டும்" என்று இன்னும் சில கடைகளில் சொல்கிறார்கள். 100 மெகாபிட் காலத்தில் அது உண்மை. கிகாபிட்டும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தாமே கண்டுபிடித்துக்கொள்ளும். சாதாரண நேர் கேபிளே போதும்.

எஸ்எஃப்பி பிளஸ் (மாட்யூலையோ டிஏசி தலையையோ செருகும் துளை) உள்ள கார்டும் டிஏசி கேபிளும் என்றால் கதை வேறு. டிஏசி என்பது இரு முனையிலும் உலோகத் தலை பொருத்தி வரும் செப்புக் கேபிள். தலையை உள்ளே தள்ளும்போது 'க்ளிக்' என்று பூட்டும் சத்தம் கேட்க வேண்டும். முக்கால்வாசி போய் நின்றாலும் பார்வைக்குச் செருகியது போலவே இருக்கும். பக்கத்துப் பக்கத்துக் கணினிகளுக்கு நான் இந்த டிஏசியைத்தான் பரிந்துரைப்பேன்: சூடாகாது, மின்சாரம் குறைவு, கிரிம்ப் செய்யும் (கம்பி முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும்) வேலை இல்லை. மின்சுற்று இல்லாத சாதாரண வகை 7 மீட்டர் வரை வரும். அதற்கு மேல் தூரம் என்றால் ஃபைபருக்குப் போய்விடுங்கள்.

ஃபைபரில் விளக்கு எரியவில்லை என்றால், முதலில் ஒரு முனையின் இரண்டு இழைகளை இடம் மாற்றிச் செருகுங்கள். ஒரு பக்கம் அனுப்பும் ஒளி மறுபக்கம் பெறும் துளைக்குப் போக வேண்டும். இரு முனையிலும் மாட்யூல் (ஃபைபரைக் கார்டோடு இணைக்கும் செருகு துண்டு) ஒரே வகையாக இருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள். குறுந்தூர எஸ்ஆர் மாட்யூலும் நெடுந்தூர எல்ஆர் மாட்யூலும் சேராது.

அப்படியும் எரியவில்லையா? கார்டு மாட்யூலை நிராகரித்திருக்கலாம். இன்டெல் எக்ஸ்520 போன்ற கார்டுகள் டிஏசியைப் பெரும்பாலும் ஏற்கும். வேறு பிராண்டு ஆப்டிகல் மாட்யூல் என்றால் 'ஆதரவற்ற மாட்யூல்' என்று கர்னல் பதிவில் எழுதிவிட்டு நின்றுவிடும். லினக்ஸில் அந்த டிரைவருக்கு இத்தகைய மாட்யூல்களையும் அனுமதிக்கும் ஒரு அளவுரு உண்டு.

மெலனாக்ஸ் கனெக்ட்எக்ஸ்-3 வகைக் கார்டுகளில் இன்னொரு சிக்கல். சில மாடல்கள் ஈதர்நெட், சர்வர் கூட்டங்களில் பயன்படும் இன்ஃபினிபேண்ட் என்ற வேறு நெட்வொர்க் வகை, இரண்டையும் பேசும். சர்வர் கூட்டத்திலிருந்து வந்த கார்டின் போர்ட் இன்ஃபினிபேண்ட் நிலையிலேயே இருந்தால், கார்டு பட்டியலில் தெரியும், ஈதர்நெட் இணைப்பு மட்டும் எங்கும் தெரியாது. கார்டு பழுது என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். அந்த நிறுவனத்தின் அமைப்புக் கருவியில் போர்ட் வகையை ஈதர்நெட் என்று மாற்றிக் கணினியை மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும்.

25, 100 கிகாபிட் கார்டுகளில் விளக்கு எரியாததற்குப் பிழைதிருத்த முறை இரு பக்கமும் பொருந்தாமல் இருப்பது முக்கியக் காரணம். எஃப்இசி என்ற அந்த அமைப்பை இரு முனையிலும் ஒன்றாக வையுங்கள்.

விளக்கு எரிகிறது, ஆனால் மற்ற கணினி தெரியவில்லை

இரு கணினியிலும் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், முகவரி கொடுக்க யாரும் இல்லாததால் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதிலும் சில நேரம் வேலை நடக்கும், ஆனால் நம்பி இருக்க முடியாது. லினக்ஸில் தானியங்கி முறையிலேயே விட்டுவைத்தால், முகவரி கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல், இணைப்பு கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை விழுந்து எழுந்துகொண்டே இருக்கும்.

கையால் கொடுத்துவிடுங்கள். ஒன்றுக்கு 10.10.10.1, மற்றதற்கு 10.10.10.2, இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசல்), டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றித் தருவது) இரண்டையும் காலியாக விடுங்கள். இங்கே 10.10.10 என்று போடுவதற்குக் காரணம் உண்டு. வீட்டு ரௌட்டர்கள் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 வரிசையில் இருக்கும். நேரடிக் கேபிளுக்கும் அதே வரிசையைக் கொடுத்தால், ஒரே வரிசைக்கு இரண்டு வாசல் ஆகிவிடும். எந்த வாசல் வழியாக அனுப்புவது என்பதில் கணினி குழம்பிவிடும், சில நேரம் பிங் (மற்ற கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) போகும், சில நேரம் போகாது.

முகவரி சரி, பிங் ஒரு திசையில் மட்டும் போகிறது என்றால் ஃபயர்வால்தான். கேட்வே இல்லாத இணைப்பை விண்டோஸ் 'அடையாளம் தெரியாத நெட்வொர்க்' என்று எடுத்துக்கொண்டு, பொது இடத்துக்குரிய கடுமையான விதிகளைப் போடும். விண்டோஸ் புரோவில் உள்ளூர்ப் பாதுகாப்புக் கொள்கை என்ற பகுதிக்குப் போய், அடையாளம் தெரியாத நெட்வொர்க்குகளைத் தனிப்பட்டவை என்று கருதும்படி மாற்றலாம். ஹோம் பதிப்பில் அந்தப் பகுதி இல்லை. அங்கே 10.10.10 வரிசையிலிருந்து வருவதை மட்டும் உள்ளே விடும்படி ஒரு ஃபயர்வால் விதி எழுதுங்கள். ஃபயர்வாலை முழுக்க அணைத்து வைக்காதீர்கள். அதே கணினி வைஃபையிலும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

பிங் போகிறது, பகிர்ந்த ஃபோல்டர் மட்டும் திறக்க மறுக்கிறது என்றால், கடவுச்சொல் இல்லாத விருந்தினர் அனுமதியை நம்பியிருக்கிறீர்களா என்று பாருங்கள். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு, புரோவிலும் அதை மூடிவிட்டது. சேமிப்புக் கணினியில் கடவுச்சொல்லோடு ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் நுழைவதுதான் வழி.

இணைப்பு வந்தது, ஆனால் குறைந்த வேகத்தில்

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. நெட்வொர்க் கார்டின் நிலைத் திரையில் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். லினக்ஸில் ஈத்டூல் என்ற கட்டளை அதைச் சொல்லும்.

10 கிகாபிட் கார்டுக்கு 100 மெகாபிட் மட்டும் காட்டினால், கேபிளின் எட்டுக் கம்பியும் சேரவில்லை என்று பொருள். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கிரிம்ப்பில் நீலமோ பழுப்போ சரியாகக் கடிபடாமல் போனால், கார்டுகள் சத்தம் போடாமல் 100க்கு இறங்கிவிடும்.

இதைவிட நுட்பமான கோளாறு, ஜோடி பிரிந்துபோவது. எட்டு விளக்கு வரிசையாக எரியும் சின்ன டெஸ்டரில் கேபிள் சுத்தமாகத் தெரியும். 100இல் ஓடும், கிகாபிட்டில் தடுமாறும், 10 கிகாபிட்டில் நிற்கவே நிற்காது. ஏனென்றால் டெஸ்டர் பார்ப்பது ஒவ்வொரு கம்பியும் மறுமுனையில் அதே எண்ணுக்குப் போகிறதா என்பதை மட்டும்தான். ஆனால் கேபிளுக்குள் கம்பிகள் இரண்டு இரண்டாக முறுக்கப்பட்டிருப்பதுதான் இரைச்சலைத் தடுக்கிறது. 3ஆம் கம்பியும் 6ஆம் கம்பியும் ஒரே முறுக்கு ஜோடியாக இருக்க வேண்டும். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஜோடி ஜோடியாக வரிசையில் அடுக்கிக் கிரிம்ப் செய்துவிட்டால் 3உம் 6உம் வேறு வேறு முறுக்கிலிருந்து வரும், ஜோடி பிரிந்துவிடும். பிளக்கின் கொக்கி பின்புறம் இருக்கும்படி பிடித்து, இடமிருந்து வலமாக இந்த வரிசை தெரிகிறதா பாருங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடிக்கு நடுவில் நீல ஜோடி நுழைந்து உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். அந்த இடத்தில்தான் தவறு நடக்கிறது.

கேபிளின் உடம்பும் முக்கியம். கேட்6 என்று அச்சடித்திருக்கும் மலிவான கேபிள்களில் அலுமினியக் கம்பிக்குச் செப்பு முலாம் பூசி விற்பது உண்டு. ஒரு கம்பியின் நுனியைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செப்பு. வெள்ளியாகத் தெரிந்தால் அலுமினியம், 10 கிகாபிட்டுக்கு அதை நம்ப வேண்டாம். நல்ல செப்பில் கேட்6ஏ 100 மீட்டர் வரையும், கேட்6 அதிகபட்சம் 55 மீட்டர் வரையும் 10 கிகாபிட்டைத் தாங்கும். ஒரே அறைக்குள் என்றால் ஒழுங்கான கேட்6 போதும். கேட்8 என்று அச்சிட்டதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. கேபிளின் பெயர் கார்டின் வேகத்தைக் கூட்டாது.

இன்னொரு நிலைமை: ஒரு பக்கம் 10 கிகாபிட் கார்டு, மறுபக்கம் மதர்போர்டில் வரும் 2.5 கிகாபிட் போர்ட். குறைந்தது 2.5ஆவது வரும் என்று எதிர்பார்ப்போம், வருவது 1 கிகாபிட். கேபிளை மாற்றினாலும் அதேதான். 10 கிகாபிட் செப்புத் தரம் 2006இல் வந்தது. 2.5, 5 கிகாபிட் தரம் 2016இல்தான் வந்தது. இன்டெல் எக்ஸ்540 போன்ற முந்தைய தலைமுறைக் கார்டுகளுக்கு 10, 1, 0.1 என்ற மூன்று வேகம்தான் தெரியும். இரு பக்கத்துக்கும் பொதுவான உச்சம் 1, அதில் போய் உட்கார்ந்துவிடும். இதற்குச் செட்டிங்ஸில் தீர்வு இல்லை. ஐந்து வேகமும் பேசும் புதிய கார்டு ஒன்று வேண்டும், அல்லது இரு பக்கமும் ஒரே வகைக் கார்டு வேண்டும்.

யாராவது ஒரு பக்கத்தில் வேகத்தைக் கையால் பூட்டியிருந்தாலும் இப்படி ஆகும். இரு பக்கமும் தானியங்கி நிலையில் விட்டுவிடுங்கள். அப்புறம், மறுபக்கக் கணினி தூங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் எட்டிப் பாருங்கள். நெட்வொர்க் மூலம் எழுப்பும் வசதி இயங்கும் கார்டு, தூக்கத்தில் மின்சாரம் மிச்சம் பிடிக்க 100க்கோ 10க்கோ இறங்கிக்கொள்ளும். கணினி எழுந்ததும் வேகம் திரும்பிவிடும்.

இணைப்பு 10 கிகாபிட் என்கிறது, ஐபெர்ஃப் மூன்று, நான்குதான் காட்டுகிறது

ஸ்லாட்டைப் பாருங்கள். எக்ஸ்520 கார்டு பிசிஐஇ (மதர்போர்டு ஸ்லாட்டின் தரம்) இரண்டாம் தலைமுறை, எட்டுப் பாதை (தரவு போகும் தனித்தனி வழி) உள்ளது. மதர்போர்டில் நீளமான ஸ்லாட்டில்தானே செருகினோம் என்று நினைப்போம். நீளம் பதினாறு பாதைக்கு இருந்தாலும் உள்ளே நான்கு பாதைக்கோ ஒரே பாதைக்கோதான் கம்பி போட்டிருப்பார்கள். இரண்டாம் தலைமுறையில் ஒரு பாதை நொடிக்கு 500 மெகாபைட், அதாவது 4 கிகாபிட், நடைமுறையில் அதற்கும் உள்ளே. ஸ்லாட் நான்காம் தலைமுறையாகவே இருந்தாலும் பழைய கார்டு தன் தலைமுறை வேகத்தில்தான் பேசும், ஆகவே புதிய மதர்போர்டு இங்கே உதவாது. நான்கு பாதை கிடைத்தால் ஒரு 10 கிகாபிட் போர்ட்டுக்குத் தாராளம்.

சில மதர்போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி செருகினால், பக்கத்து நீள ஸ்லாட்டின் பாதைகள் குறையும், இல்லை அணைந்தே போகும். மதர்போர்டு கையேட்டில் அதற்கென ஓர் அட்டவணை இருக்கும். லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளையின் விரிவான வெளியீட்டில், கார்டால் முடிந்த அகலமும் இப்போது கிடைத்த அகலமும் அடுத்தடுத்து வரும். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஸ்லாட் சரி என்றால், ஐபெர்ஃபை நான்கு இணை ஓட்டங்களோடு ஓட்டிப் பாருங்கள். பழைய பிராசசரின் ஒரு கோர் மட்டும் 10 கிகாபிட்டைச் சுமக்கத் திணறலாம். 3.16க்கு முந்தைய ஐபெர்ஃபில் நான்கு ஓட்டம் என்றாலும் எல்லாம் ஒரே கோரில்தான் ஓடும், புதிய பதிப்பு போட்டுக்கொள்ளுங்கள். திசையை மாற்றியும் அளவெடுங்கள். ஒரு திசையில் 9.4, மறு திசையில் 2 என்று வந்தால் கார்டின் புள்ளிவிவரத்தில் சிஆர்சி பிழைகள் (வழியில் சிதைந்துபோன தரவு) ஏறுகின்றனவா என்று பாருங்கள். ஏறினால் கேபிளையோ மாட்யூலையோ மாற்றுங்கள்.

ஐபெர்ஃப் 9.4 காட்டுகிறது, கோப்பு மட்டும் நகர மாட்டேன் என்கிறது

112இல் நிற்கிறதா? தரவு உங்கள் புதிய கேபிளில் போகவே இல்லை. கணினியின் பெயரைக் கொடுத்து ஃபோல்டரைத் திறந்திருப்பீர்கள், அந்தப் பெயர் ரௌட்டர் வழியான பழைய முகவரியைக் காட்டியிருக்கும். பெயருக்குப் பதில் 10.10.10.2 என்று எண்ணையே கொடுத்துத் திறங்கள். தினமும் எண்ணைத் தட்ட வேண்டாம் என்றால், ஹோஸ்ட்ஸ் கோப்பில் (எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று கணினி பார்க்கும் பட்டியல்) அந்த எண்ணுக்கு ஒரு புதுப் பெயர் எழுதிவையுங்கள்.

முதலில் 1000க்கு மேல் பாய்ந்துவிட்டுச் சில பத்து ஜிபி கடந்ததும் தொபுக்கென விழுந்தால், அது பெறும் பக்கத்து எஸ்எஸ்டி. மலிவான என்விஎம்இ எஸ்எஸ்டிகள் வேகமான சிறு பகுதியில் முதலில் எழுதிக்கொள்ளும், அது நிரம்பியதும் உண்மையான வேகத்துக்கு இறங்கும். ஹார்ட் டிஸ்க் ஒன்று என்றால் 150 முதல் 250 வரைதான். எத்தனை கிகாபிட் கேபிள் போட்டாலும் அது கூடாது.

ஆயிரக்கணக்கான சின்னப் புகைப்படங்கள் என்றால் ஒவ்வொரு கோப்புக்கும் திற, எழுது, மூடு என்று தனித்தனிப் பேச்சுவார்த்தை நடக்கும். விண்டோஸில் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளையைப் பல இழைகளோடு (ஒரே நேரத்தில் பல கோப்பு) ஓட்டினால் நல்ல மாற்றம் தெரியும். எஸ்எஸ்எச் என்ற குறியாக்கப்பட்ட வழியாக ஆர்சிங்க் என்ற நகல் கருவியை ஓட்டினால் குறியாக்கம் ஒரு கோரைத் தின்னும். உங்கள் இரண்டு கணினிக்கு மட்டுமான கேபிளில், ஆர்சிங்க்கை அதன் சொந்தச் சேவை வழியாகவே ஓட்டலாம்.

கேபிளைச் செருகியதும் இணையம் போய்விட்டது

நேரடி இணைப்பில் கேட்வே எழுதியிருக்கிறீர்கள். வேகமான கார்டு என்பதால் கணினி இணையத்துக்கும் அந்த வழியையே தேர்ந்தெடுக்கிறது, மறுமுனையில் இணையம் இல்லை. கேட்வேயை அழித்தால் போதும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்து திடீரென விழுகிறது

கார்டின் மேலுள்ள ஹீட்சிங்க்கைத் தொட்டுப் பாருங்கள். சர்வர் கார்டுகள், பெட்டிக்குள் காற்று பலமாக அடிக்கும் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. வீட்டுக் கணினியில் கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழே, காற்றே வராத மூலையில் அது மாட்டிக்கொள்கிறது. செப்புக் கேபிள் வகையின் பழைய தலைமுறைக் கார்டுகள் எஸ்எஃப்பி பிளஸ் கார்டுகளைவிட நன்றாகவே சூடாகும். எஸ்எஃப்பி பிளஸ் துளையில் செருகும் ஆர்ஜே45 மாட்யூலும் கையைச் சுடும். கணினி குளிர்ந்திருக்கும்போது சரியாக ஓடி, பெரிய நகல் தொடங்கிச் சில நிமிடத்தில் விழுந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு சின்ன மின்விசிறியைக் கார்டைப் பார்த்தபடி பொருத்துங்கள்.

சூடு இல்லை, சும்மா இருக்கும்போதுதான் விழுகிறது என்றால் மின்சேமிப்பு. இரு பக்கமும், சும்மா இருக்கும்போது கார்டின் மின்சாரத்தைக் குறைக்கும் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்டை அணையுங்கள். விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள்.

ஜம்போ ஃபிரேம் போட்ட பிறகு விசித்திரமாக நடக்கிறது

ஜம்போ ஃபிரேம் என்பது எம்டியுவை 1500இலிருந்து 9000க்கு உயர்த்துவது. எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகுதான் அதைத் தொட வேண்டும். இதில் கிடைப்பது 9.4 இலிருந்து 9.9 வரையான லாபம், கொஞ்சம் பிராசசர் ஓய்வு. விண்டோஸ் டிரைவரில் 9014 என்று இருந்தால் அது ஈதர்நெட் தலைப்பின் 14 பைட்டையும் சேர்த்த எண், லினக்ஸின் 9000க்குச் சமம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் கோப்பு நகல் வழக்கம்போல ஓடலாம், ஏனெனில் டிசிபியில் (கோப்பு நகல் போகும் முறை) இரு பக்கமும் தங்கள் அளவை முதலிலேயே சொல்லிச் சிறியதை எடுத்துக்கொள்கின்றன. ஆனால் யூடிபியில் (முன்பேச்சு இல்லாமல் அனுப்பும் முறை) பெரிய பாக்கெட் மறுபக்கம் சத்தமில்லாமல் குப்பைக்குப் போகும். மெய்நிகர் கணினிகள் வைத்திருந்தால், உள்ளே இருக்கும் பிரிட்ஜ் (அவற்றை நெட்வொர்க்கோடு சேர்க்கும் மென்பொருள் சுவிட்ச்) 1500இலேயே நின்று தொல்லை கொடுக்கும்.

சோதிக்க, துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 8972 பைட் பிங் அனுப்புங்கள். 9000இல் தலைப்புகளுக்கான 28 பைட்டைக் கழித்த எண் அது. இரு திசையிலும் பதில் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு திசையில் வராவிட்டாலும் இரு பக்கமும் 1500க்கே திரும்பிவிடுங்கள். 1500இல் நொடிக்கு 1100 மெகாபைட்டுக்கு மேல் ஏற்கெனவே கிடைக்கிறது, பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு அதுவே அதிகம்.